ட்ரேசருக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

தஞ்சாவூரிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு மருத்துவமனையின் அணுமருத்துவப் பிரிவுக்காக, நோயாளிகள் கையில் கொடுக்கும் இரண்டு பக்கத் துண்டறிக்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எலும்பு ஸ்கேனுக்கு ஒன்று, பெட் ஸ்கேனுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஸ்கேன், ஐசோடோப்பு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ட்ரேசர், அதாவது ஊசி வழியே உடம்புக்குள் போய் இருக்கும் இடத்தைக் கதிரால் காட்டிக்கொடுக்கும் பொருள், அது மட்டும் மாட்டிக்கொண்டது. சுவடறிவான், தடங்காட்டி, சுவடுகாட்டி என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். படிக்கப்போகிறவர் பாபநாசத்திலிருந்தோ பேராவூரணியிலிருந்தோ முதல் பேருந்து பிடித்து வந்து, வெறும் வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் என்பதை மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

அம்மா, நம் வீட்டிலேயே சொல் இருக்கும்போது எதற்குச் சுவடறிவான்? அது சொல்லா, முனிவர் பெயரா? ஒற்று என்று எடுங்கள். வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். 'கடாஅ உருவொடு' என்று தொடங்கும் குறளைப் பாருங்கள். பார்த்தவர் ஐயுற்று வினவாத உருவம் வேண்டும், அஞ்சக்கூடாது, உள்ளதை வெளியே விடக்கூடாது, அப்படிப்பட்டதுதான் ஒற்று. பெட் ஸ்கேனில் போடுவது சர்க்கரை வேடம் போட்ட பொருள் என்கிறார்கள். உடம்பும் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டுவிடுகிறது. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? ஒற்று, இகர விகுதி பெற்று ஒற்றி. கதிரியக்கத்தையும் சேர்த்தால் கதிரொற்றி. ஐந்தே எழுத்து, சைவர்களுக்கு இன்னும் இனிக்கும்.

திருவாரூரிலிருந்து:

ஐயா, குறள் பொருத்தம் அருமை, ஆனால் வேதியியல் வாத்தியாராக ஒரு திருத்தம். குளுக்கோஸ் மூலக்கூற்றில் இரண்டாவது கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியை எடுத்துவிட்டு அங்கே கதிரியக்கம் உள்ள ஃபுளோரின்-18ஐ உட்கார வைக்கிறார்கள். செல் அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்து, ஹெக்சோகைனேஸ் என்ற நொதியால் ஒரு பாஸ்பேட்டையும் ஒட்டிவிடுகிறது. அடுத்த படிக்கு அந்த ஹைட்ராக்சில் வேண்டும், அது இல்லை. அதனால் மேலேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை அதிகமாக இழுப்பதால் அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரிகிறது. ஆக இந்த ஒற்றன் திரும்பி வந்து சேதி சொல்வதில்லை, உள்ளே அகப்பட்ட இடத்திலிருந்தே கத்துகிறான். வெளியே விடாமை என்ற இலக்கணம் முதல் நாளே அடிபட்டுப் போகிறது.

இன்னொன்று. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒற்று என்றால், 'மிகுமா மிகாதா சார்?' என்றுதான் கேட்கும்.

மன்னார்குடியிலிருந்து:

வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான், என் பங்குக்கு ஒரு எச்சரிக்கை. கதிரொற்றி என்று அச்சடித்துக் கொடுத்தால் எங்கள் பக்கத்தில் எப்படிப் படிப்பார்கள் தெரியுமா? கதிர் என்றால் நெற்கதிர். ஒற்றி என்றால் ஒத்தி, நிலத்தை ஒத்திக்கு வைப்பது. விளைந்து நிற்கிற கதிரோடு வயலை ஒத்திக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து ஸ்கேனே வேண்டாம் என்று கிளம்பிவிடுவார்கள். செலவைப் பார்த்தால் அந்த நினைப்பு முழுத் தவறும் இல்லை.

இந்தச் சங்கதியை மருத்துவர்களுக்கு முன்னால் கையில் எடுத்தது நாங்கள்தான் என்பதையும் பதிவு செய்கிறேன். ஹெவெசி என்ற வேதியியலாளர் 1923இல் ஓர் அவரை இனச் செடியின் வேரைக் கதிரியக்கக் காரீயக் கரைசலில் வைத்து, காரீயம் தண்டுக்கு எவ்வளவு ஏறுகிறது, இலைக்கு எவ்வளவு போகிறது என்று அளந்தார். 1943ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இந்த முறைக்காகவே அவருக்குக் கிடைத்தது. அப்புறம் பாஸ்பரஸ்-32 என்ற கதிரியக்கப் பாஸ்பரஸ் வந்தது. சூப்பர் பாஸ்பேட்டில் அதைச் சேர்த்து வயலில் இட்டால், பயிரில் இருக்கிற மணிச்சத்தில் உரத்திலிருந்து வந்தது எவ்வளவு, மண்ணில் ஏற்கெனவே கிடந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடலாம். வேறு எந்த வழியிலும் அதைப் பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே பாஸ்பரஸ்தானே. அந்தக் கதிரியக்கம் பதினான்கு நாளுக்கு ஒருமுறை பாதியாகிவிடும் என்பதால் குறுவைக்குள் கணக்கை முடிக்க வேண்டும். அதை நாங்கள் குறியிட்ட உரம் என்போம். அந்த வழியில் குறியிட்ட மருந்து என்றால் என்ன?

கும்பகோணத்திலிருந்து:

ஒற்றிக்கு அடமானப் பொருள் பிற்பாடு வந்தது. வேர்ப்பொருள் நெருங்கித் தொடுதல். கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். ஒற்றுத்தாள் மையை உறிஞ்சுகிறது. ஒற்றடம்தான் பேச்சில் ஒத்தடம் ஆயிற்று. எல்லாவற்றிலும் ஒரு பரப்பை இன்னொன்று அணுகித் தொட்டு எதையோ வாங்கிக்கொள்கிறது. எலும்பு ஸ்கேனில் அந்த மருந்து எலும்பின் மேல் போய் ஒட்டுகிறதாமே, அதுவும் ஒற்றல்தான்.

தடங்காட்டி வேண்டவே வேண்டாம். 'தடவும் கயவும் நளியும் பெருமை' என்கிறது தொல்காப்பிய உரியியல். கண்ணுக்கே தெரியாத அளவில் போகிற பொருளுக்குத் தடம் என்று பெயர் வைப்பதா?

திருவாரூரிலிருந்து:

ஐயா, அது தட என்னும் உரிச்சொல், நாம் பேசுவது தடம் என்னும் பெயர்ச்சொல். தடம் எண் போட்ட பேருந்தில்தான் நீங்களும் கும்பகோணம் போகிறீர்கள்.

ஒத்தடத்தை நீங்களே கொண்டுவந்தீர்கள் பாருங்கள், அதுதான் என் பயமும். ஒற்றி ஊசி என்றால் வெந்நீர்ப் பையோடு வருவார்கள்.

வேதாரண்யத்திலிருந்து:

நான் ஊருக்கு வந்திருக்கிறேன், இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். சென்னையில் அணுமருத்துவத் தொழில்நுட்பராக இருக்கிறேன். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் இலக்கணம் பேச எனக்குத் தெரியாது, வேலை எப்படி நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

எலும்பு ஸ்கேனுக்கு டெக்னீசியம்-99எம் வேண்டும். அது ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். வாங்கி அலமாரியில் வைக்கிற சரக்கு இல்லை. அதனால் அதன் தாயை வாங்குகிறோம், மாலிப்டினம்-99. அதற்குப் பாதியாக 66 மணி நேரம். அது வருகிற கருவிக்கு ஜெனரேட்டர் என்று பெயர். ஈயக் கவசத்துக்குள் அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடு நிரப்பிய ஒரு சின்னக் குழாய், மாலிப்டினம் அந்த அலுமினாவைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், கிடந்த இடத்திலேயே டெக்னீசியமாக மாறிக்கொண்டிருக்கும். காலையில் போனதும் உப்புநீரை ஒரு பக்கம் விட்டு, மறுபக்கம் காற்று நீக்கிய குப்பியைச் செருகினால் டெக்னீசியம் மட்டும் கரைந்து குப்பிக்கு வந்துவிடும், மாலிப்டினம் அங்கேயே நிற்கும். இதை நாங்கள் கறப்பது என்றுதான் சொல்வோம். அந்த ஜெனரேட்டருக்கு மாலி மாடு என்றே செல்லப்பெயர், அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 1950களின் கடைசியில் உருவானது. இன்று கறந்தால் நாளைக் காலைக்குள் மறுபடி சுரந்திருக்கும். ஒரு வாரத்தில் வற்றும், தொடக்கத்தில் இருந்ததில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் அப்போது இருக்கும்.

கறந்ததும் ஊசி போட்டுவிட முடியாது. மாலிப்டினம் கசிந்து வந்திருக்கிறதா, அலுமினியம் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு எம்டிபி என்ற சேர்மத்தின் தூள் இருக்கிற குப்பியில் சேர்ப்போம். எலும்புக்கு வழி தெரிந்தது அந்த எம்டிபிக்குத்தான். டெக்னீசியம் கூடப் போய் 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரை விடுகிறது, கேமரா அதைப் பிடிக்கிறது. அதாவது வழி கண்டுபிடிப்பது ஒன்று, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்வது இன்னொன்று. நீங்கள் தேடுகிற சொல் இதில் எதற்கு?

பெட் ஸ்கேன் கதை வேறு. சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் ஆக்சிஜன்-18 செறிந்த தண்ணீரின் மேல் புரோட்டான்களை மோதவிட்டு ஃபுளோரின்-18 எடுக்கிறார்கள். அது 110 நிமிடத்தில் பாதி. வண்டி ஐந்தரை மணி நேரம் ஓடினால் எட்டில் ஒரு பங்குதான் கைக்கு வரும். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் அத்தனையும் வேதாரண்யத்துக் கடைமடைக்கு வந்து சேராது, வழியில் போவதையும் கணக்குப் போட்டுத்தான் திறக்க வேண்டும். எஃப்டிஜி, அதாவது அந்த ஃபுளோரின் ஏற்றிய சர்க்கரையை அனுப்புகிறவரும் அப்படித்தான் அங்கேயே கூடுதலாக அளந்து அனுப்புகிறார்.

நோயாளிகள் எல்லாரும் ஸ்கேன் ஊசி என்றுதான் சொல்கிறார்கள். 'ஸ்கேன் ஊசி போட்டாச்சு, இனிமே எப்ப கூப்பிடுவீங்க?' இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

கும்பகோணத்திலிருந்து:

தம்பி, நெடுநாள் வாழ்க. கறவை என்று ஒரு தமிழ்ச்சொல் ஆய்வுக்கூடத்துக்குள் தானாகவே நுழைந்திருக்கிறது, அதை ஏன் விட வேண்டும்? ஜெனரேட்டருக்குக் கறவைக்கலம். டெக்னீசியத்துக்கும் இப்போதே ஒரு வழி செய்துவிடலாம். பெரியே, செக்ரே என்ற இரண்டு அறிவியலாளர்கள் 1937இல் இத்தாலியின் பலெர்மோவில் அதைக் கண்டார்கள், மனிதன் ஆக்கிய முதல் தனிமம் என்பதால் செயற்கை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பின்னால் பெயர் வைத்தார்கள். நமக்குச் செயற்கையம்.

திருவாரூரிலிருந்து:

கறவைக்கலத்துக்கு என் ஓட்டு உண்டு. செயற்கையத்துக்குக் கிடையாது. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியே போனால் தனிம வரிசை அட்டவணையில் செயற்கையம் என்று எங்கே போய்த் தேடும்? யாழ்ப்பாணத்துப் பாடநூலில் ஐசோடோப்பைச் சமதானி என்கிறார்கள், இங்கே ஓரிடத்தான் என்றும் எழுதுகிறார்கள், ஐசோடோப்பு என்றும் எழுதுகிறார்கள். ஒரு கடலைத் தாண்டினால் சொல்லே மாறுகிறது. இதில் தனிமத்தின் பெயரையும் மாற்ற வேண்டுமா?

தஞ்சாவூரிலிருந்து:

வியாழக்கிழமை மாலை ஆகிவிட்டது. தயவுசெய்து கொஞ்சம் கீழே இறங்கி வாருங்கள்.

வேதாரண்யத்துத் தம்பி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. குப்பியில் இருக்கிற மொத்தத்துக்கும் எனக்குப் பெயர் வேண்டும், உள்ளே யார் வழிகாட்டி யார் கதிர்விடுபவர் என்ற பாகப்பிரிவினை துண்டறிக்கையில் வேண்டாம். இன்னொரு சிக்கலும் முளைத்திருக்கிறது. கதிரியக்கம் என்ற சொல்லே வேண்டாம், ஜனங்கள் கல்பாக்கம் கூடங்குளம் என்று பயப்படுகிறார்கள், வெறும் ஸ்கேன் மருந்து என்று போட்டுவிடுங்கள் என்று மருத்துவமனையிலிருந்து சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழியுங்கள், அன்று கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், கர்ப்பமா தாய்ப்பால் கொடுக்கிறீர்களா என்று முன்கூட்டியே சொல்லுங்கள் என்றெல்லாம் கீழே எழுதிவிட்டு, காரணத்தை மட்டும் மறைத்தால் எந்தத் தாய் நம்புவாள்?

வேதாரண்யத்திலிருந்து:

கதிரியக்கம் கட்டாயம் இருக்கட்டும் அக்கா. சொல்லாமல் விட்டால் அந்தக் கேள்வி முழுக்க எங்களிடம்தான் வரும், அதுவும் ஊசி போட்ட பிறகு.

மன்னார்குடியிலிருந்து:

அப்படியானால் கதிரியக்கச் சுவடுகாட்டி. அழகு இல்லை, ஆனால் நாட்காட்டி, கைகாட்டி, வழிகாட்டி என்று காட்டி எல்லாருக்கும் பழகியது. குறியிட்ட மருந்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும்.

திருவாரூரிலிருந்து:

சுவடுகாட்டிக்கே நானும். சோர்ந்துவிட்டேன், நாளை எனக்குத் தேர்வு மேற்பார்வை வேறு.

கும்பகோணத்திலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சுவடு என்பது போனபின் கிடப்பது. இந்தப் பொருளோ இருந்துகொண்டே ஒளிர்வது, போய்விட்டால் படத்தில் ஒன்றும் இருக்காது. போனதன் அடையாளத்தைச் சொல்லி இருப்பதைப் பெயரிடுகிறீர்கள். மருந்து என்பதும் பிழை, அது எந்த நோயைத் தீர்க்கிறது? ஒற்றியை நான் கைவிடவில்லை, தனியே ஒரு கட்டுரையாக எழுதுவேன்.

தஞ்சாவூரிலிருந்து:

ஐயா, கட்டாயம் எழுதுங்கள். முதல் இடத்தில் மட்டும் 'கதிரியக்கச் சுவடுகாட்டி ஊசி' என்று போட்டேன். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் ஸ்கேன் ஊசிதான். கோப்பு போய்விட்டது.

மன்னார்குடியிலிருந்து:

அனுப்பிய பிரதியை இப்போதுதான் பார்த்தேன் அம்மா. எலும்பு ஸ்கேன் துண்டறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், 'இதன் அரை ஆயுட்காலம் ஆறு மணி நேரம்' என்று இருக்கிறது. வகுப்பறைக்குச் சரி. நெஞ்சில் பயத்தோடு உட்கார்ந்திருக்கிற கிழவர், 'இதன்' என்பதைத் தாண்டிக் கண்ணை ஓட்டிவிட்டால் என்ன ஆகும்?

தஞ்சாவூரிலிருந்து:

அச்சகத்துக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லிவிட்டேன். 'ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இதன் வீரியம் பாதியாகக் குறையும்' என்று மாற்றுகிறேன். வீரியம் வடசொல் என்று யாரும் இப்போது எழுத வேண்டாம்.

கும்பகோணத்திலிருந்து:

வடசொல்தான். உரம் என்று போடலாம், வலிமைப் பொருளில்.

மன்னார்குடியிலிருந்து:

உரமா? ஐயா, படிக்கிறவர் விவசாயி.