தொண்டி, தேவிபட்டினம் கரைக்குச் சுனாமி எப்படி வரும்? சுமத்ரா நிலநடுக்கம் பற்றிச் சில கேள்விகள்

தேவகோட்டை வாசகி

வணக்கம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தேவகோட்டை, காரைக்குடிப் பக்கமிருந்து வேன் பிடித்துத் தேவிபட்டினம் நவபாஷாணத்துக்குப் போகிறவர்கள் நிறைய. திரும்பும்போது தொண்டிக் கடற்கரையிலும் இறங்குவார்கள். பெரியவர்களும் பிள்ளைகளும்தான் அதிகம். சுமத்ராவில் நிலநடுக்கம் என்று செய்தி வந்த மறு நிமிடமே வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு தகவல் அனுப்புகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

2004இல் அவ்வளவு பெரிய அலை வந்தது. அதே சுமத்ராவில் 2012இல் 8.6 அளவு நடுக்கம் வந்தும் ஒன்றும் ஆகவில்லையே, ஏன்? பாக் நீரிணைக் கரையை இலங்கை காப்பாற்றிவிடும் என்பது எவ்வளவு தூரம் சரி? 2004 அன்று காலை ஊரணித் தண்ணீர் தானாக அலைந்தது என்று பெரியவர்கள் சொல்வது நடக்கக்கூடியதா? நம் பழைய வீடுகளுக்கு ஆபத்து உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, கரையில் ஐம்பது பேரோடு நிற்கும்போது செய்தி வந்தால் என்ன செய்ய வேண்டும்?

நிலவியல் காரைக்குடி

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். அளவு எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. நிலம் குலுங்குவதால் சுனாமி வருவதில்லை. கடல்தரை மேலும் கீழுமாக நகர்ந்து, தன் மேலுள்ள தண்ணீர் முழுவதையும் தூக்கினால்தான் வரும்.

சுமத்ரா, நிக்கோபார், அந்தமான் தீவு வரிசைக்கு மேற்கே கடலடியில் நீளமான அகழி ஒன்று ஓடுகிறது. அங்கே இந்தியத் தட்டு, பர்மா சிறுதட்டின் அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் புகுந்துகொண்டிருக்கிறது. இப்படி ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும் இடத்தைத்தான் அமிழ்வு மண்டலம் என்கிறோம். இரண்டும் உரசும் பரப்பு பல இடங்களில் பூட்டிக்கொள்ளும். கீழ்த்தட்டு நிற்காமல் போவதால் மேல்தட்டின் விளிம்பையும் கூடவே கீழே இழுக்கும். விளிம்புக்குப் பின்னால் உள்ள பகுதி மெல்லப் புடைக்கும். நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த இழுவிசை ஒருநாள் பூட்டை அறுக்கும்போது, வளைத்துப் பிடித்த பலகையைக் கைவிட்டதுபோல் விளிம்பு துள்ளி எழும், புடைத்த பகுதி தாழும்.

2004 டிசம்பர் 26, இந்திய நேரம் காலை 6.29க்கு நடந்தது இதுதான். அளவு 9.1. பிளவு வடக்கு நோக்கி 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அந்தமான் வரை போனது. ஓடி முடிக்கப் பத்து நிமிடத்தை ஒட்டி ஆயிற்று. ஆழ்கடலின் அடித்தரை பல மீட்டர் எழும்பியது.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் 2.08க்கு வந்த 8.6 வேறு வகை. அது அகழிக்கு மேற்கே, இந்தியத் தட்டுக்குள்ளேயே ஏற்பட்ட முறிவு. பாறை பக்கவாட்டில் நகர்ந்ததே தவிர மேலே எழவில்லை. தண்ணீரைத் தூக்க ஆளில்லை. 2005 மார்ச் 28இல் நியாஸ் தீவருகே வந்ததும் 8.6தான், அது அமிழ்வு மண்டலத்திலேயே நடந்தது. ஆனால் எழும்பிய பகுதியில் பெரும்பங்கு தீவும் ஆழமில்லாத கடலும். மேலே தண்ணீர் குறைவு, அலையும் சிறிது.

எண்ணைப் பார்த்து அலட்சியப்படுத்துவதும் ஆபத்துதான். 2010 அக்டோபரில் மென்டாவாய் தீவருகே வந்தது 7.8 மட்டுமே. முறிவு மெதுவாக, அகழிக்குப் பக்கத்தில் நடந்ததால் கரையில் இருந்தவர்களுக்குக் குலுக்கல் பலமாகத் தெரியவில்லை. அலை 400க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று.

பாக் கரை

இரண்டாவது கேள்வி. இலங்கை நேர் அடியைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் சுவர் மாதிரி முழுவதும் மறைக்காது. சுனாமியின் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் ஆழ்கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி இருக்கும். அவ்வளவு நீளமான அலை தீவைச் சுற்றி வளைந்துவிடும். 2004இல் இலங்கைக்குப் பின்னால் இருந்த கொளச்சலும் கேரளத்தின் கொல்லம் கரையும் அடிபட்டது அப்படித்தான்.

நமக்கு உண்மையான பாதுகாப்பு பாக் விரிகுடாவின் ஆழமின்மை. அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது: புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 710 கிலோமீட்டர், 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டர்தான். ராமர் பாலப் பக்கம் மிக ஆழம் குறைவு என்பதால் தெற்கு வாசல் கிட்டத்தட்ட அடைப்பு. கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலுள்ள வடக்கு வாசல் திறந்தது. அதன் வழியே நுழையும் அலை தொண்டிக்கு வர இன்னும் சுமார் 100 கிலோமீட்டர் கடக்க வேண்டும். 10 மீட்டர் ஆழமென்று வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வழியெல்லாம் தரையில் உரசி ஆற்றலை இழக்கும். 2004இல் நாகப்பட்டினத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கோட்டைப்பட்டினம், தொண்டிப் பக்கம் அந்த அளவுக்குப் போகாததற்கு இதுதான் காரணம்.

இதனால் வரும் சிக்கல் ஒன்று உண்டு. நாகையில் அலை அடித்து ஓய்ந்த செய்தி வந்தபிறகுதான் நம் கரைக்கு வரவே ஆரம்பிக்கலாம். "அங்கே முடிந்துவிட்டது, இனி பயமில்லை" என்று கடலில் இறங்கக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுனாமியைத் தளர்த்தும் அதே ஆழமின்மை புயல் காலத்தில் எதிராக வேலை செய்யும். ஆழமில்லாத கடலில் காற்று தள்ளும் தண்ணீர் அடிவழியே திரும்பிப் போக இடமில்லாமல் கரையில் குவியும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது சுனாமி அல்ல, புயல் அலை. பாக் கரையில் இருப்பவர்கள் அதிகம் அஞ்ச வேண்டியது புயலுக்குத்தான் என்பது என் கருத்து.

தேவகோட்டை வாசகி

நன்றி ஐயா. கடல் உள்வாங்கினால் ஓடு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களே, அந்த அறிகுறிக்குக் காத்திருக்கலாமா?

நிலவியல் காரைக்குடி

காத்திருக்கக் கூடாது ஆச்சி. மேலே சொன்னதை நினைவில் வையுங்கள்: விளிம்பு எழுகிறது, அதற்குப் பின்னால் உள்ளது தாழ்கிறது. எழும் பக்கம் மேற்கு, அதாவது நம் பக்கம். தாழும் பக்கம் கிழக்கு. அதனால் 2004இல் தாய்லாந்தில் முதலில் கடல் உள்வாங்கியது. இந்தியக் கரையிலும் இலங்கையிலும் முதலில் வந்ததே ஏற்றம். உள்வாங்கல் அதற்குப் பிறகுதான். கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும், சந்தேகமே இல்லை. உள்வாங்கவில்லை என்பதற்காக நிற்கக்கூடாது. பினாங்கிலோ மேடானிலோ உறவினர் இருந்தால் அவர்களுக்கு இது நேர்மாறு என்பதையும் சொல்லிவையுங்கள்.

அங்கே இருப்பவர்களுக்கு நிலம் குலுங்குவதே முதல் எச்சரிக்கை. நமக்கு அந்த அறிகுறியும் கிடைக்காமல் போகலாம். 2,000 கிலோமீட்டர் தள்ளி நடப்பதைக் கடற்கரை மணலில் நிற்பவர் பெரும்பாலும் உணரமாட்டார்.

கோட்டையூர் கட்டடம்

ஊரணி விஷயம் முழுக்க நடக்கக்கூடியது. கணக்கையே பாருங்கள். ஒரு தொட்டித் தண்ணீர் ஒருமுறை அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் திரும்ப எடுக்கும் நேரம், நீளத்தை இரண்டால் பெருக்கி அலை வேகத்தால் வகுத்தால் வரும். 60 மீட்டர் நீளம், 3 மீட்டர் தண்ணீர் உள்ள ஊரணிக்கு அது சுமார் 22 வினாடி. தொலைவில் நடக்கும் பெரிய நடுக்கத்திலிருந்து நிலத்தின் மேற்பரப்பு வழியே பரவும் அதிர்வலைகளும் 20 வினாடி அளவில்தான் வலுவாக வரும். இரண்டும் பொருந்தினால் தண்ணீர் ஊஞ்சலாடும். டிசம்பர் மாதம் ஊரணி நிரம்பியிருக்கும் காலம். அந்த அலைகள் இங்கே வர எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும் என்பதால் 6.40ஐ ஒட்டிய நேரம் பொருத்தமாக இருக்கும். படிக்கட்டில் இரண்டு மூன்று படி ஏறி இறங்கும், கரையோரம் கலங்கும், சில நிமிடத்தில் அடங்கும்.

அதே காரணத்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு தள வீட்டின் இயல்பான அசைவு நேரம் அரை வினாடிக்கும் குறைவு. 20 வினாடி அலை அதை மொத்தமாக மெல்ல நகர்த்திவிட்டுப் போகும். வளவில் தொங்கும் விளக்கு ஆடலாம், அவ்வளவுதான். சென்னையின் உயரமான அடுக்கு மாடிகளில் இருப்பவர்கள் உணர்வது, அவற்றின் அசைவு நேரம் நீளம் என்பதால்.

பூம்புகாரைக் கடல் கொண்ட நினைவில்தான் முன்னோர் திண்ணையை உயர்த்திக் கட்டினார்கள் என்பது செவிவழி மரபு. இன்றைக்கு அந்த உயரம் மழைநீருக்கு உதவுகிறது. சுனாமிக்கு எதிராக நம்மைக் காப்பது இடம்தான். காரைக்குடி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 80 மீட்டர் மேலே இருக்கிறது. நிலநடுக்க வரைபடத்திலும் (2016 பதிப்பு) நம் பகுதி மிகக் குறைந்த இரண்டாம் மண்டலம். இருந்தாலும் முகப்பு உச்சியில் உள்ள சுதைச் சிற்பங்களையும் கைப்பிடிச் சுவரையும் தட்டிப் பாருங்கள். உள்ளீடற்ற ஓசை வந்தால் பிடிப்பு விட்டிருக்கிறது. அரசங்கன்று வேர்விட்ட இடமும், பழைய சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமெண்ட் பூசி ஈரம் அடைபட்ட இடமும்தான் முதலில் உதிரும்.

பாக் கரை

கரையில் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி மையம் 2007 முதல் இயங்குகிறது. பெரிய நடுக்கமென்றால் பத்து நிமிடத்துக்குள் முதல் அறிக்கை வரும். அதில் நடுக்கத்தின் விவரம்தான் இருக்கும். அதைப் பார்த்தே பதற வேண்டாம். ஆனால் ஆட்களைத் தண்ணீரிலிருந்து மேலே ஏற்றிவிடுங்கள். கடலடி அழுத்தமானிகளும் அலை அளவிகளும் காட்டுவதைப் பார்த்து அடுத்தடுத்த அறிக்கைகள் வரும். சிவப்பு என்றால் கரையை விட்டு வெளியேற வேண்டும். ஆரஞ்சு என்றால் கடற்கரைக்கே போகக்கூடாது. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வருவதை மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077இல் கேட்டு உறுதி செய்யலாம், மாநிலத்துக்கு 1070.

தேவிபட்டினத்தில் நவபாஷாணம் கடலுக்குள் இருப்பதால் முதலில் நடைபாதையைக் காலி செய்யுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் முன்னால், மற்றவர்கள் பின்னால். ஈரத்துணி மாற்ற, செருப்புத் தேட நிற்க வேண்டாம். வேனை வரும்போதே மேற்குப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். சந்துக்குள் திருப்புவதில்தான் நேரம் போகும். அந்தக் கரை தட்டையானது, ஏறி நிற்க மேடு இல்லை. எனவே தூரம்தான் கணக்கு: குறைந்தது மூன்று கிலோமீட்டர் உள்ளே. தொண்டியிலிருந்தால் திருவாடானை சாலையில் மேற்கே போய்விடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கரையோடு கரையாக ஓடாதீர்கள். ஓடை, ஆற்று முகத்துவாரம், உப்பளம் வழியே தண்ணீர் வெகுதூரம் உள்ளே ஏறும், அவற்றின் ஓரமாகப் போக வேண்டாம். வாகனம் கிடைக்காவிட்டால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் இரண்டாம் தளத்துக்கு மேல் ஏறுங்கள்.

முதல் அலை சிறியதாக இருந்தால் ஏமாற வேண்டாம். அலைகள் பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இடைவெளி விட்டு வரும், இரண்டாவதோ மூன்றாவதோ பெரிதாக இருக்கலாம். ஆட்சியர் அலுவலகம் அறிவிக்கும் வரை திரும்பக்கூடாது.

படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "படகை 100 மீட்டர் ஆழத்துக்கு ஓட்டிவிடு" என்ற அறிவுரை நாகைக்கும் சென்னைக்கும் பொருந்தும். பாக் விரிகுடாவில் அந்த ஆழமே கிடையாது. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் விசைப்படகுகள் கரையில் கட்டியிருந்தால் அப்படியே விட்டுவிட்டு ஆள் வெளியேறுவதுதான் சரி. கடலில் இருப்பவர்கள் வி.எச்.எஃப். 16ஆம் அலைவரிசையைத் திறந்து வைத்து, நேரம் போதுமானால் கரை சேரலாம். போதாதென்றால் துறைமுக வாயிலையும் மணல் திட்டுகளையும் விட்டு விலகி நிற்க வேண்டும். அங்கேதான் நீரோட்டம் சுழன்று படகைப் புரட்டும்.