மூத்தவர் சொன்ன தவறான ஆலோசனையைக் குழுவில் எவ்வாறு திருத்துவது?

அனைவருக்கும் வணக்கம். வீட்டு மின் வயரிங் வேலை செய்பவர்களுக்கான வாட்ஸ்அப் குழு ஒன்றை நான்கு ஆண்டுகளாக நிர்வகித்து வருகிறேன். தொழில்சார் குழுக்களை நடத்திய அனுபவம் உள்ளவர்களின் வழிகாட்டல் எனக்கு இப்போது தேவைப்படுகிறது.

மழை பெய்யும்போதெல்லாம் ஒரு வீட்டில் மின்கசிவுப் பாதுகாப்புக் கருவியான ஆர்சிசிபி விழுந்து மின்சாரம் நின்றுவிடுகிறது என்று, சென்ற வாரம் இளைஞர் ஒருவர் டிபி (மின் விநியோக) பெட்டியின் படத்துடன் கேட்டிருந்தார். எல்லோரும் மதிக்கும் மூத்த வயர்மேன் ஒருவர், "அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்துவிடு தம்பி" என்று குரல் பதிவில் பதில் சொன்னார். வீடுகளில் பொருத்தும் ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்கசிவு ஏற்பட்டாலே இணைப்பைத் துண்டித்து உயிரைக் காப்பது. மழையில் விழுகிறது என்றால், எங்கோ ஈரம் இறங்கியிருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். ஆனால் பத்துப் பேர் கைகூப்பி நன்றி தெரிவித்தார்களே தவிர, ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனம்தான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது.

நிர்வாகி என்ற முறையில் அப்பதிவை நீக்கினேன். பெரியவர் மனம் புண்பட்டு அன்றிலிருந்து குழுவில் பேசுவதில்லை. அவர் அனுபவத்தை இழக்க எனக்கு விருப்பமில்லை. முதலில் தொலைபேசியில் அழைத்து அவரையே திருத்தச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றுகிறது, ஆனால் அதற்குள் அந்த இளைஞர் கருவியைக் கழற்றியிருந்தால் என்ன செய்வது? நிர்வாகிகள் மட்டுமே பதிவிடும்படி மாற்றினால், கேள்வி கேட்பதே நின்றுவிடும்.

உயிர் சம்பந்தப்பட்ட தவறுகளை உடனே திருத்தவும், மூத்தவர்களின் மரியாதை குறையாமல் பார்த்துக்கொள்ளவும் உங்கள் குழுக்களில் என்ன விதி வைத்திருக்கிறீர்கள் என்பதை அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.