ராயக்கோட்டைக் கடைக்காலில் கிடைத்த கம்பெனிக் காலத்துச் சாமான்கள்: மியூசியத்துக்கா, அலமாரிக்கா, குப்பைக்கா?

ராயக்கோட்டையான்:
சித்தப்பா தன் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறார். காரைச் சுவர், தேக்கு உத்தரம். கம்பெனிக் காலத்தில் பட்டாளத்து அதிகாரி ஒருவர் குடியிருந்த வீடு என்று ஊரில் சொல்வார்கள். கடைக்கால் தோண்டியதில் வந்தவை: கரும்பச்சைப் பாட்டில் ஒன்று முழுசாக, அதே நிறத்தில் உடைந்த அடிப்பாகங்கள் சில, நீலப்பூ போட்ட பீங்கான் ஓடுகள், ஈயக் குண்டுகள், பித்தளைப் பொத்தான் ஒன்று, விரல் நீளத்துக்கு வெள்ளைக் களிமண் புகைக்குழாய்த் துண்டு. சட்டிபானை ஓடும் நிறைய வந்தது. மேஸ்திரி அதை மண்ணோடு டிராக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டார். பாட்டிலுக்கு ஒருவர் விலை பேசுகிறார். விற்கலாம் என்கிறார் சித்தப்பா. எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

கோலிசோடா:
விற்றுவிட்டு சிமெண்ட் வாங்குங்கள். மயிலாடும்பாறையில் 4,200 ஆண்டுக்கு முந்தைய இரும்பு கிடைத்த கிருஷ்ணகிரி மாவட்டம் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு துரை குடித்துவிட்டு எறிந்த பாட்டிலுக்கு ஆலோசனைக் கூட்டமா? இருநூறு வருடம் மண்ணுக்குள் கிடந்தால் குப்பை கோமேதகம் ஆகிவிடாது.

பழங்காசு:
தம்பி, விற்காதீர்கள், மியூசியத்துக்கும் கொடுக்காதீர்கள். இருபது வருடமாகச் சேர்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். என் தாத்தாவின் பிடி உடைந்த வாள் ஒன்றை ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரசீது கேட்டால் ‘அப்புறம் வாங்க’ என்றார்கள். இன்றுவரை அந்த ‘அப்புறம்’ வரவில்லை. உங்கள் பாட்டிலும் அப்படி ஏதாவது கிடங்கில்தான் தூங்கும். என் அலமாரிக்கு வந்தால் வாரம் ஒருமுறை துடைப்பேன், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். பொத்தானைப் புளி போட்டுத் தேய்த்துப் பாருங்கள், பளபளவென்று எழுத்து தெரியும்.

பாரமகால்:
புளி வேண்டவே வேண்டாம்! பித்தளை, செம்பின் மேல் படிந்திருக்கும் களிம்போடு எழுத்தும் சேர்ந்து போய்விடும். பொத்தானின் பின்பக்கம் செய்தவர் பெயரோ ஊரோ மெல்லிசாகப் பொறித்திருக்கலாம். காலத்தைச் சொல்வதே அதுதான். மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டினால் போதும். ஈயக் குண்டின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது விஷம், தொட்ட கையைக் கழுவுங்கள்.

அடுத்தது சட்டம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆள் வந்து விலை பேசுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பத்து ரூபாயா பேசியிருப்பார்? 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய பொருள் தொல்பொருள், அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. கோட்டை மலை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே ஒரு குண்டைக்கூடப் பொறுக்கக்கூடாது. வீடு கோட்டையிலிருந்து எவ்வளவு தூரம்? நூறு மீட்டருக்குள் என்றால் புதுக் கட்டுமானமே கூடாது. அதைத் தாண்டி இருநூறு மீட்டர் வரைக்கும் அனுமதி வாங்க வேண்டும்.

பழங்காசு:
சட்டம் பேசினால் நானும் பேசுவேன் சார். 1972 சட்டத்தில் எல்லாத் தொல்பொருளையும் பதிவு செய்யச் சொல்லவில்லை. சிலை, ஓவியம், ஓலைச்சுவடி என்று சில வகைதான். பீங்கான் ஓட்டுக்காகக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கச் சொல்கிறீர்களா?

பாரமகால்:
பதிவு வேறு, கிடைத்ததைத் தெரிவிப்பது வேறு. ஒரு காகிதம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டால் முடிந்தது. உங்கள் வாளுக்கு ரசீது கிடைக்கவில்லை என்பது உண்மையான குறைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அலமாரி அதற்குப் பரிகாரம் ஆகாது. உங்களிடம் உள்ள பொருள்களில் எத்தனைக்கு ‘இந்த இடத்தில், இத்தனை அடி ஆழத்தில், இன்ன பொருளோடு கிடைத்தது’ என்ற குறிப்பு இருக்கிறது?

பழங்காசு:
1808 கம்பெனிக் காசு என்னிடம் பன்னிரண்டு இருக்கிறது. சிங்க முத்திரை, ஆண்டு எல்லாம் அதிலேயே தெளிவாக இருக்கிறது. காசே பேசும்போது குறிப்பு எதற்கு?

பாரமகால்:
நல்லவேளை, அந்தக் காசையே சொன்னீர்கள். அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், கம்பெனி சென்னைக்கு அனுப்பிய 10 காசு, 20 காசு நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அதை மேலே எடுத்தார்கள். இன்று உலகச் சந்தையில் உலவும் 1808 காசுகளில் ஏராளமானவை அந்தக் கப்பலுடையவை. இந்திய மண்ணையே மிதிக்காதவை! உங்கள் பன்னிரண்டில் எது பாரமகாலில், அதாவது நம் கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமையில் புழங்கியது, எது கடலடியில் கிடந்தது என்று காசு பேசுமா?

கோலிசோடா:
😂 அண்ணன் மாட்டிக்கொண்டார்.

ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. கிடைத்த இடம், ஆழம் எல்லாம் எழுதிவைத்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்? வெள்ளைக்காரன் குடித்தான் என்றா? அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. திப்புவின் ராக்கெட் என்றால் சொல்லுங்கள், நானே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். 2018இல் சிமோகா பக்கம் பாழுங்கிணற்றில் ஆயிரத்துக்கு மேல் கிடைத்ததே, அது கண்டுபிடிப்பு. இது காயலான் கடை.

பாரமகால்:
ராயக்கோட்டை 1791 ஜூலையில் மேஜர் கௌடியின் கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது. அடுத்த வருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால் முழுவதும் கம்பெனி கைக்கு வந்தது. அதற்கு முன் இங்கே இருந்தது திப்புவின் மைசூர்ப் படை. ஆகவே அந்த ஈயக் குண்டு யாருடையது? அளந்து பாருங்கள். பிரிட்டிஷ் பிரவுன் பெஸ் துப்பாக்கியின் குழல் முக்கால் அங்குலம், குண்டு சுமார் 17.5 மி.மீ. இருக்கும். 16 சொச்சம் வந்தால் பிரெஞ்சு வகைத் துப்பாக்கியாக இருக்கலாம். மைசூர்ப் படையில் அதுவும் புழங்கியது. உருண்டையாகவே இருந்தால் சுடாத குண்டாக இருக்கலாம், யாரோ சேமித்து வைத்ததோ தவறவிட்டதோ. சப்பிப்போயிருந்தால் எதிலோ மோதியது. ஒரு வீட்டுக் கடைக்காலில் இத்தனை கேள்வி இருக்கிறது.

அமெரிக்காவில், ராணுவமும் பூர்வகுடிகளும் 1876இல் மோதிய லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1983இல் புல் எரிந்து தரை வெளியே தெரிந்தது. மறுவருடம் ஆய்வாளர்கள் ஒவ்வொரு தோட்டா கிடந்த இடத்திலும் கொடி நட்டு வரைபடம் போட்டார்கள். யார் எங்கே நின்று சுட்டார், எந்தப் பக்கம் நகர்ந்தார் என்பது அதிலிருந்து தெரிந்தது. தோட்டாக்களை முன்பே பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டிருந்தால் மிஞ்சியிருப்பது ஈயம்தான்.

பாட்டிலைப் பற்றி: அடியில் உள்நோக்கிய குழியும் கரடுமுரடான தழும்பும் இருந்தால் கையால் ஊதியது. அச்சுக் கோடு வாய்விளிம்பு வரை ஏறியிருந்தால் இயந்திரத்தில் செய்தது, 1903க்குப் பிந்தையது. அப்படியென்றால் அது கம்பெனிக் கதையே இல்லை. பேசிய விலையும் இறங்கிவிடும்.

மத்திகிரி மலர்:
எல்லோரும் பாட்டிலையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். ராயக்கோட்டையான் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: சட்டிபானை ஓடு டிராக்டரில் போனது. என் வயிறு எரிந்தது அங்கேதான்.

கம்பெனிப் பட்டாளம் என்றால் வெள்ளைக்காரன் மட்டுமா? அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள். துப்பாக்கி தூக்கிய சிப்பாய்களில் பெரும்பகுதி சென்னைப் படையைச் சேர்ந்த நம் ஆட்கள், தமிழும் தெலுங்கும் உருதும் பேசியவர்கள். சமைத்தவர், தண்ணீர் சுமந்தவர், மாட்டுக்குத் தீனி வைத்தவர், கூடவே வந்த பெண்டுபிள்ளைகள் என்று அதைவிடப் பெரிய கூட்டம் பின்னால் வந்தது. கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் 1792 முதல் 1799 வரை இங்கே இருந்து எழுதியதெல்லாம் பாரமகால் ஆவணங்களாக அச்சிலேயே இருக்கிறது. அந்தச் சமையல்காரர் என்ன எழுதிவைத்தார்? கரி பிடித்த அந்தச் சட்டி ஓடுதான் அவருடைய ஆவணம். பீங்கான் வேற்று ஊர்ச் சாமான், அழகாக இருக்கிறது, அதனால் பிழைத்தது. நம் வீட்டுச் சட்டி மாதிரி இருந்த பாவத்துக்கு ஓடு மட்டும் பள்ளம் நிரப்பப் போய்விட்டது. கோலிசோடா தம்பி, ‘துரை குப்பை’ என்கிறீர்கள். அந்தக் குப்பையில் முக்கால்வாசி நம்முடையதாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொன்று. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல்லின் கம்பெனிப் படை கிருஷ்ணகிரிப் பேட்டையைப் பிடித்துவிட்டு மலைக்கோட்டைக்கு ஏணி தூக்கிக்கொண்டு ஏறியது. மேலே இருந்தவர்கள் பாறைகளை உருட்டி ஏணியை நொறுக்கினார்கள், படை திரும்பி இறங்கியது. அந்தச் சண்டையை முடித்தது கல். எந்தச் சேகரிப்பாளர் அலமாரியில் அந்தக் கல் இருக்கிறது?

கோலிசோடா:
அக்கா, சட்டி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். பாட்டிலைப் பற்றிய என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. சட்டி ஓட்டைக் கொடுத்தால் மியூசியம் வாங்கிக்கொள்ளுமா, அதைச் சொல்லுங்கள்.

மத்திகிரி மலர்:
எந்த இடத்தில், எந்த ஆழத்தில் என்ற குறிப்போடு போனால் அதற்கு மதிப்பு உண்டு. குறிப்பில்லாமல் சாக்கில் கட்டிக்கொண்டு போனால் அவர்கள் திருப்பி அனுப்புவதில் தப்பே இல்லை.

பழங்காசு:
ஆக எல்லோரும் சேர்ந்து சேகரிப்பாளரைத் திருடனாக்கி விட்டீர்கள். ஒன்று கேட்கிறேன். இந்த மாவட்டத்தில் பழைய வீடு இடிக்கும்போது பொக்லைன் ஓட்டுகிறவரிடம் நிறுத்தச் சொல்லி, கையில் காசு கொடுத்து, பொருளைக் காப்பாற்றுகிறவர் யார்? ஆய்வாளரா? நாங்கள்தானே. நாங்கள் இல்லையென்றால் பித்தளைப் பொத்தான் எடைக்குப் போய் உருகியிருக்கும்.

பாரமகால்:
அது உண்மை. அப்படியென்றால் காசோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். பழைய இரும்புக்கடையில் நீங்கள் வாங்கிய பொருளுக்குக் கடைக்காரர் சொன்ன ஊர்ப்பெயரையாவது எழுதிவையுங்கள்.

ராயக்கோட்டையான்:
வீடு கோட்டை எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல், அந்தப் பயம் இல்லை. பொத்தானைக் கழுவவில்லை. பாட்டிலில் அச்சுக் கோடே இல்லை, அடியில் தழும்பு இருக்கிறது. குண்டை அளக்க மெக்கானிக் கடையில் வெர்னியர் கேட்டிருக்கிறேன்.

வடக்குச் சுவர்ப் பக்கம் கடைக்கால் இன்னும் தோண்டவில்லை. மேஸ்திரியிடம் பேசினேன். ஒரு நாள் கூலி சேர்த்துக் கொடுத்தால் மண்வெட்டியால் மெதுவாக எடுக்கிறேன், ஓட்டைத் தனிக் கூடையில் போடுகிறேன் என்றார். டேப் வைத்து ஆழத்தோடு படம் எடுப்பேன். மண் கொட்டிய இடத்தையும் டிரைவரிடம் கேட்டுவிட்டேன், பக்கத்துத் தோட்டத்துப் பள்ளம்தான். கலெக்டருக்கு எழுத சித்தப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. எழுதினால் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறார். அவருக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாரமகால்:
அந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. படங்களோடு முதலில் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்க் காப்பாட்சியரைப் பாருங்கள், சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு. கடிதத்தை அவரிடம் கேட்டே எழுதலாம்.

பழங்காசு:
ரசீது வாங்காமல் பாட்டிலைக் கொடுத்துவிடாதே தம்பி.