புதுப்பிப்பு: தாத்தாவின் பித்தளை மேசை விளக்கு எரிகிறது

முன்பு எழுதியது நினைவிருக்கும்: வயர் வெடித்து, துணிக்கூடு கருகிப் பரணில் கிடந்த விளக்கு. பாலிஷ் மெஷினில் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். கொடுக்கவில்லை. புளியும் உப்பும் சேர்த்துக் கையால்தான் தேய்த்தேன். புளியின் அமிலமே களிம்பைக் கரைத்துவிடுகிறது. மெஷின் சக்கரம் பட்டிருந்தால் அடித்தண்டில் உள்ள கொடி வேலைப்பாடு மழுங்கியிருக்கும். தேய்த்த பின் நன்றாகக் கழுவி, ஈரம் இல்லாமல் துடைப்பது முக்கியம்.

வயரிங்கை எலக்ட்ரீஷியன் செய்தார். பழையது இரண்டு கம்பி வயர், எர்த் (கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் கம்பி) கிடையாது. உலோக உடம்பு என்பதால் மூன்று கம்பி வயர் போட்டு, பச்சைக் கம்பியை உடம்போடு இணைத்தார். இதைத் தயவுசெய்து யாரும் தவிர்க்காதீர்கள்.

கூடுதான் என் பாடு! துருப்பிடித்த கம்பிச் சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, பருத்தி நாடா சுற்றினேன். அந்த நாடாவில்தான் துணியைத் தைக்க முடியும். அம்மாவின் கிழிந்த கண்டாங்கிச் சேலையை எடுத்தேன். முதல் தடவை நேராக வெட்டியதில் வளைவில் சுருக்கம் விழுந்தது. பிரித்துவிட்டு, இழைக்கு மூலைவாட்டில் சாய்த்து வெட்டினேன். துணி இழுபட்டுச் சட்டத்தோடு ஒட்டி நின்றது.

60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 7 வாட் எல்.இ.டி., மஞ்சள் ஒளி. துணி சூடாவதில்லை. நேற்று இரவு போட்டதும் சேலையின் அரக்குச் சிவப்பு சுவரெல்லாம் பரவியது. அம்மா ரொம்ப நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.