பற்று, வரவு, செலவு: பொதுக் கோப்புக்கு எந்தச் சொல்?

கொழும்பிலிருந்து:

கடைக் கணக்கு மென்பொருளைத் தமிழாக்க இலங்கைக்கு ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று என மூன்று மொழிபெயர்ப்புக் கோப்புகள் வைத்திருக்கிறோம். அதில் பொருட்பெயர்களைப் பற்றிய இழுபறியை இத்தோடு நிறுத்தலாம். பாணா பிரட்டா, லாச்சியா டிராயரா, கச்சானா வேர்க்கடலையா என்பதெல்லாம் ஆபத்தில்லாத சண்டை. திரையில் கச்சான் என்று கண்ட மதுரைக்காரருக்கு விளங்காது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார், அலுவல் முடிந்தது. தொல்லை தருவது இரண்டு கரையிலும் வழக்கில் இருந்துகொண்டு வேறு வேறு பொருளைக் குறிக்கும் சொல். அதைப் பார்த்தவர் யாரிடமும் கேட்கமாட்டார். தெரிந்த சொல்தானே.

சர்க்கரை என்று போட்டால் சென்னையில் வெள்ளையாக வரும். இங்கே பொங்கலுக்குப் போடும் பழுப்புச் சர்க்கரைதான் சர்க்கரை, வெள்ளை என்றால் சீனி. தேங்காய்ப்பூ இங்கே துருவிய தேங்காய். அங்கே முளைவிட்ட தேங்காய்க்குள் இருக்கும் பஞ்சு உருண்டை. வெறுமனே பருப்பு என்றால் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மைசூர்ப் பருப்பை நிறுப்பார்கள், தமிழ்நாட்டில் துவரையை. இவற்றுக்கு வழி சுலபம்: முழுப்பெயர் போடுவது (வெள்ளைச் சீனி, மைசூர்ப் பருப்பு, துருவிய தேங்காய்), மற்ற ஊர்ப் பெயர்களைத் தேடலுக்கு மட்டும் மாற்றுப்பெயராகச் சேர்ப்பது.

கணக்கேட்டுப் பக்கத்தில்தான் முழுப்பெயர் உதவாது. கணக்கேட்டின் இடப்பக்கம் டெபிட், வலப்பக்கம் கிரெடிட். இலங்கைப் பாடநூலில் டெபிட் வரவு, கிரெடிட் செலவு. தமிழ்நாட்டுப் பாடநூலில் டெபிட் பற்று, கிரெடிட் வரவு. ஒருவருக்கு 4,500 ரூபாவுக்குக் கடனில் சாமான் கொடுத்தால் கொழும்பில் அவருடைய கணக்கை 4,500 வரவு வைப்போம். அவர் நமக்குத் தரவேண்டும் என்று அர்த்தம். அதே தாளை மதுரையில் காட்டினால் அவர் 4,500 கட்டிவிட்டார் என்று வாசிப்பார்கள். தொகை சரி, திகதி சரி, ஆள் சரி, கடன் மட்டும் தலைகீழ்.

“இலங்கைக்குத் தனிக்கோப்பு இருக்கிறதே, பிறகென்ன” என்று கேட்பவர்களுக்கு: இலங்கைக் கோப்பில் ஒரு வரி இல்லாவிட்டால், மொழிபெயர்ப்பை எடுத்துத் திரையில் காட்டும் கெட்டெக்ஸ்ட் என்ற கருவி பொதுத் தமிழ்க் கோப்பில் தேடும், அங்கும் இல்லாவிட்டால் ஆங்கில மூலத்தையே காட்டும். நிரலாளர் ஒருநாள் ஆங்கிலத்தில் கிரெடிட் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி சேர்க்கிறார் என்று வையுங்கள். மூலத்தைப் புதிதாக இணைக்கும்போது அந்த வரி எல்லாக் கோப்பிலும் ஃபஸி, அதாவது மறுபடி சரிபார்க்க வேண்டியது, என்று குறிக்கப்படும். ஃபஸி வரிகள் தொகுக்கும்போது விடுபடும். பொதுக் கோப்பைப் பார்ப்பவர்கள் உடனே சரிசெய்து, இலங்கைக் கோப்பை ஒருவரும் தொடாவிட்டால், கொழும்புத் திரையில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கமும் வரவு. ஒன்று நம் கோப்பிலிருந்து, மற்றது பொதுக் கோப்பிலிருந்து. பிழைச்செய்தி எதுவும் வராது.

ஆகவே பொதுக் கோப்பில் இந்த மூன்று சொல்லுமே இருக்கக்கூடாது. பற்று வரவு இந்தியக் கோப்புக்கு, வரவு செலவு இலங்கைக் கோப்புக்கு. பொதுவுக்கு என் முன்மொழிவு: இடப்பதிவு, வலப்பதிவு. டெபிட் இடப்பக்கம், கிரெடிட் வலப்பக்கம் என்பது எந்த நாட்டு மாணவருக்கும் முதல் பாடம்.

மதுரையிலிருந்து:

மூன்று சொல்லையும் பொதுக் கோப்பிலிருந்து எடுப்பதில் மறுப்பில்லை. ஆனால் வலப்பதிவு வேண்டாம் நண்பரே! சிறிய எழுத்தில் பார்த்தால் எல்லோரும் வலைப்பதிவு என்றுதான் படிப்பார்கள். எழுத்துப்பிழை திருத்தியும் நல்லெண்ணத்தோடு ஒரு ஐகாரத்தைச் சேர்த்துவிடும். இன்னொன்று, கைப்பேசியில் நெடுவரிசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்காது; ஒன்றன்கீழ் ஒன்றாக விழும். மேலே இடப்பதிவு, கீழே வலப்பதிவு என்று வந்தால் பயனருக்கு என்ன புரியும்?

“பெறுபவரைப் பற்று செய், தருபவரை வரவு செய்” என்ற விதியிலிருந்தே எடுக்கலாம்: பெறுபதிவு, தருபதிவு. பக்கம் மாறினாலும் பொருள் மாறாது.

சந்தடி சாக்கில் ஒரு விண்ணப்பம்: பொதுக் கோப்பில் இறுதித் தொக்கு என்று ஒரு வரி இருக்கிறது. உங்கள் ஊரில் அது சரக்கு இருப்பு என்பது தெரியும். எங்கள் ஊர்க் கடைக்காரர் அதைத் தக்காளித் தொக்கு பாட்டில்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்வார். விலைத் தள்ளுபடிக்குக் கழிவு என்ற சொல் பொதுக் கோப்பில் இருக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். குப்பை என்ற பொருள் இங்கே முந்திக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் புத்தக விற்பனையில் 10 விழுக்காடு கழிவு என்றுதான் இன்றும் எழுதுகிறோம். விலைக்கழிவு என்று சேர்த்து எழுதினால் யாரும் குழம்பமாட்டார்கள், பொதுக் கோப்பிலேயே இருக்கட்டும்.

கொழும்பிலிருந்து:

வலைப்பதிவு வாதத்துக்கு மறுமொழி இல்லை. பெறுபதிவு, தருபதிவை எடுத்துக்கொள்வோம்.

பரீட்சித்துப் பார்த்தால், காசு விற்பனையில் காசுக் கணக்கு பெறும், விற்பனைக் கணக்கு தரும். கடன் விற்பனையில் வாடிக்கையாளர் பெறுகிறார். திரும்பி வந்த சாமானுக்கு அவர் தருகிறார். இங்கெல்லாம் விதி நேராகப் பொருந்துகிறது. இழுக்கிற இடம் ஆண்டு முடிவுச் சீராக்கங்கள்: வராமற்போகக்கூடிய கடனுக்காக ஒதுக்கும் தொகையை எடுங்கள். நாங்கள் ஐயக்கடன் ஏற்பாடு என்பதும் நீங்கள் வாராஐயக்கடன் ஒதுக்கு என்பதும் யாருக்கு எதைத் தருகின்றன? ஒன்றும் இல்லை. அதற்காகச் சொல்லைக் கைவிடத் தேவையில்லை. அந்த இடத்தில் வரவும் செலவுந்தான் எதை விளக்குகின்றன? நெடுவரிசையின் தலைப்பு பக்கத்தை அடையாளம் காட்டினால் போதும், பாடம் நடத்த வேண்டாம்.

பெறுமதியோடு குழம்புமா என்று இங்கே ஒருவர் கேட்டார். பெறுமதி சேர் வரி (வாட்) பற்றுச்சீட்டுகளில் வருவதால் நியாயமான கேள்விதான். வரி வருவது மொத்தத்துக்கு அருகில், பெறுபதிவு வருவது பேரேட்டுத் தலைப்பில். இரண்டும் ஒரே தாளில் சந்திக்காது.

பதியுமுன் இரண்டு வேலை. ஆங்கில மூலத்தில் கிரெடிட் என்ற ஒரே சொல் பேரேட்டுக்கும், கடன் விற்பனைக்கும், கடனட்டைக்கும், எந்த இடத்துச் சொல் என்று காட்டும் சூழல் வரி இல்லாமல் நிற்கிறது. கெட்டெக்ஸ்ட் அவற்றை ஒரே வரியாகச் சேர்த்துவிடும். இப்போதே பெறுபதிவு, தருபதிவைப் போட்டால் பணம் செலுத்தும் முறைப் பட்டியலிலும் தருபதிவு என்று வந்து நிற்கும். முதலில் மூன்றுக்கும் தனித்தனிச் சூழல் வரி கேட்டு நிரலாளருக்கு எழுதவேண்டும். அது வந்த பிறகுதான் மொழிபெயர்ப்பு.

மற்றது சுருக்கம். சிறிய பற்றுச்சீட்டு அச்சுப்பொறியின் 58 மில்லிமீற்றர் தாளில் அச்சாகும் அகலம் 48 மில்லிமீற்றர், அதாவது 384 புள்ளி. திகதி, விபரம், இரண்டு தொகை நெடுவரிசை, மீதி எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். தலைப்புக்கு இடம் போதாதபோது இந்த மென்பொருள் முதல் யூனிகோட் குறியை மட்டும் வெட்டி எடுக்கிறது. பெறுபதிவை அப்படி வெட்டினால் கொம்பு போய் வெறும் ப நிற்கும். தமிழ்நாட்டில் ப என்றாலும் பற்றுதான், தற்செயலாகத் தப்பிவிடும். இங்கே அந்த ப-வுக்கு அர்த்தமில்லை. இலங்கைக் கோப்பில் வரவும் செலவும் வ, ச என்று நிற்கும். செ-வின் கொம்பும் போச்சு. எனவே பெறு, தரு என்ற குறுவடிவங்களைத் தனி வரியாகவே மொழிபெயர்க்கக் கொடுக்கும்படி கேட்கிறேன், இலங்கைக்கு வர., செல. என்று.

தொக்கைப் பொதுக் கோப்பிலிருந்து எடுத்தாயிற்று. இலங்கைக் கோப்பிலும் சரக்கிருப்பு என்றே போட்டிருக்கிறேன். புறக்கோட்டையில் ஸ்டொக் என்றுதான் சொல்வார்கள், ஆனாலும் சரக்கிருப்பு எல்லோருக்கும் விளங்கும்.