'வெக்கை' படித்தவர்களுக்கு 'அசுரன்' பிடித்ததா?

எட்டயபுரத்தான்:
போன வாரம் பூமணியின் 'வெக்கை'யை மூன்றாவது தடவையாகப் படித்து முடித்தேன். கையோடு 'அசுரன்' படத்தையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். 2019 அக்டோபரில் தியேட்டரில் பார்த்தபோது கைதட்டியவன்தான் நான். இந்தத் தடவை பாதியிலேயே மனசு கசந்துவிட்டது. ஏன் என்று எழுதுகிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். நாவல் 1982இல் வந்தது. பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொல்லவைத்த பெரிய நிலக்காரன் வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகிறான். அதன்பிறகு அய்யாவும் மகனும் காடு கரடு என்று ஒளிந்து திரியும் எட்டு நாள்தான் கதை. கடைசியில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள். இதை எடுத்துக்கொண்ட வெற்றிமாறன், தனுஷைச் சிவசாமி என்ற அப்பாவாக்கி, அந்த அப்பாவுக்குப் பெரிய முன்கதை ஒன்றையும் கொடுத்தார்.

என் மனக்குறை ஒன்றுதான். கதை பையனுடையது. அதை அப்பாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

நாவலின் ஆரம்பத்தை நினைத்துப் பாருங்கள். சிதம்பரம் கொல்லப் போகவில்லை. கையை மட்டும் வெட்டி எடுத்தால் போதும் என்றுதான் போகிறான். வெட்டு தப்பி விழுந்து ஆள் செத்துப்போகிறான். ஒரு பிள்ளை போட்ட கணக்கு பிசகிப்போகும் இடத்தில் கதை தொடங்குகிறது. அப்புறம் அந்த அய்யா இருக்கிறாரே, மகனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் இல்லை, ஏண்டா இப்படிச் செய்தாய் என்று அடிக்கவும் இல்லை. தண்ணீர் எங்கே கிடைக்கும், ராத்திரி எங்கே படுக்கலாம், பிள்ளைக்கு வயிற்றுக்கு என்ன கொடுக்கலாம், இதுதான் அவர் கவலை. கொலை செய்துவிட்டு வந்த மகனைப் பசிக்க விடாமல் பார்த்துக்கொள்கிறார். அப்பா மகன் உறவை இவ்வளவு சத்தமில்லாமல் சொன்ன இன்னொரு தமிழ் நாவலை நான் படித்ததில்லை.

படத்தில் இடைவேளைச் சண்டை வருகிறது. அதுவரை குனிந்தே கிடந்த சிவசாமி நிமிர்ந்து எழுந்து ஒரு கூட்டத்தையே சாய்க்கிறார். விசில் பறந்தது. அந்த இடத்தோடு சிதம்பரம், யாரோ வந்து காப்பாற்ற வேண்டிய குழந்தையாகிவிடுகிறான். என் வருத்தம் அதுதான்.

திரைப்பித்தன்:
அண்ணே, நாவலை ஒரு வரி மாற்றாமல் எடுத்தால் அது நாவலுக்கு வரைந்த படமாகத்தான் இருக்கும், சினிமாவாக இருக்காது. எட்டு நாள் இரண்டு பேர் காட்டில் பேசிக்கொண்டே நடப்பதை எழுத்தில் ரசிக்கலாம். திரையில் அதற்கு ஓர் எலும்புக்கூடு வேண்டும்.

சிவசாமி நிமிர்வதை வெறும் ஹீரோயிசம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. அதற்கு முன்னால் என்ன காட்டினார்கள்? மூத்த மகனை மீட்பதற்காக அந்த மனிதர் வடக்கூருக்குப் போய் ஒவ்வொருவர் காலிலும் விழுகிறார். பெத்த பிள்ளையே அப்பனைக் கோழை என்று நினைக்கிறான். அவ்வளவு தூரம் குனிய வைத்த பிறகுதான் நிமிர்த்துகிறார்கள். அப்போது தனுஷுக்கு வயது 36தான். நரைத்த முடியும் தளர்ந்த நடையுமாக வரும் அந்த ஆள் முதல் அரைமணி நேரத்தில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை அப்படியே நினைவுபடுத்தினார். தேசிய விருது சும்மா வரவில்லை.

எட்டயபுரத்தான்:
நடிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை தம்பி. காலில் விழும் காட்சி எனக்கும் தொண்டையை அடைத்தது. ஆனால் அந்தக் காட்சியின் வலியை அடுத்து வரும் சண்டை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பார்ப்பவனுக்குக் கணக்கு தீர்ந்துபோகிறது, நிம்மதியாக வீட்டுக்குப் போகிறான். நாவல் அந்த நிம்மதியைத் தருவதில்லை.

இன்னொன்று. 'வெக்கை' என்ற சொல்லையே படம் கைவிட்டுவிட்டது. தலைப்பை மட்டும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வெயில் வேறு, வெக்கை வேறு. வெயில் மேலே இருந்து அடிப்பது. வெக்கை கீழே இருந்து வருவது. சித்திரையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பகலெல்லாம் குடித்த சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகுதான் கக்க ஆரம்பிக்கும். முற்றத்தில் தண்ணீர் தெளித்தால் குப்பென்று ஆவி மூஞ்சியில் அடிக்கும். ராத்திரி பத்து மணிக்குப் பாயை விரித்தாலும் முதுகில் சுடும். வெயில் போய்விட்டது, ஆனால் சூடு போகவில்லை. கொலை முடிந்த பிறகு அந்தப் பிள்ளையின் மனசு கிடக்கும் நிலை அதுதான். பூமணி கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், அந்தச் சொல்லைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார். படத்தில் ரத்தம் இருக்கிறது, நெருப்பு இருக்கிறது. அந்த வெக்கை எனக்குப் படவில்லை.

பழைய புத்தகக்காரர்:
வெயிலுக்கும் வெக்கைக்கும் சொன்ன வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன். நன்றி.

நான் இரண்டு பக்கமும் முழுசாக இல்லை. மூலத்தை மாற்றுவது குற்றம் இல்லை என்பதற்கு நம்மிடமே பெரிய சாட்சி இருக்கிறது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' சென்னையில் ஒரு பேராசிரியர் வீட்டுக்குள் நடக்கும் கதை. அதிலிருந்து மகேந்திரன் 1979இல் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். சுந்தரவடிவேலு என்ற பெயர் மிஞ்சியது, தாயில்லாப் பிள்ளைகள் மிஞ்சினார்கள். மற்றது எல்லாம் வேறு. ஊர் வேறு, ஆள் வேறு, அந்த ஆற்றங்கரை முடிவு புதுமைப்பித்தனிடம் கிடையவே கிடையாது. யாராவது அதைத் துரோகம் என்றோமா? 'சிற்றன்னை'யைவிடப் படம் ஒரு படி மேலே என்றுகூடச் சொல்வேன்.

ஆகவே மாற்றினார்களா என்று கேட்பதில் பயனில்லை. மாற்றியதால் என்ன கிடைத்தது, என்ன போனது என்று கேட்கலாம். போனதை எட்டயபுரத்தார் சொல்லிவிட்டார். கிடைத்ததை யாராவது சொல்லுங்கள்.

திரைப்பித்தன்:
நான் சொல்கிறேன் சார். நிலம் கிடைத்தது.

'வெக்கை'யில் நிலத் தகராறு இருக்கிறது, ஆனால் எந்தச் சாதியின் பெயரும் எங்கேயும் வராது. படம் வாயைத் திறந்து பஞ்சமி நிலம் என்று சொல்கிறது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம் அது. முதல் பத்து வருஷம் விற்கவே கூடாது, அதற்குப் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்பது பாதித் தமிழ்நாட்டுக்குத் தெரியாது. எனக்கே அந்தப் படம் பார்த்த பிறகுதான் தெரியும். வீட்டுக்கு வந்து ராத்திரி இரண்டு மணிவரை தேடித்தேடிப் படித்தேன். ஒரு வணிகப் படம் பி சென்டர், சி சென்டர் என்கிற சின்ன ஊர்த் தியேட்டர்கள் வரை அந்தச் சொல்லைக் கொண்டுபோனது சின்ன விஷயமா?

முன்கதையில் குடிசைகள் எரியும்போது கீழ்வெண்மணி நினைவுக்கு வராதவர் யார்? 1968 டிசம்பர் 25, 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். இன்னொரு மாவட்டத்தில் நடந்த நெருப்புதான், ஆனால் சிவசாமி ஏன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு இத்தனை வருஷம் குனிந்தே வாழ்ந்தார் என்பதற்கு அதைவிட வலுவான காரணம் இருக்க முடியாது.

எட்டயபுரத்தான்:
இங்கேதான் நாம் நிஜமாகவே பிரிகிறோம். சாதியைச் சொல்லாமல் விட்டது பூமணியின் பயமில்லை. அது அவருடைய முடிவு. அந்தப் பையன் தன் சாதியை நினைத்துக்கொண்டு காட்டில் நடக்க மாட்டான். தங்கச்சி சாப்பிட்டிருப்பாளா, ஆத்தா எங்கே இருக்கிறாள் என்றுதான் நினைப்பான். பெயரைச் சொல்லாததால் படிக்கிற எவனும் இது அடுத்தவன் கதை என்று தப்பித்துக்கொள்ள முடியவில்லை.

சினிமா தெரியாத ஆளும் இல்லை அவர். தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றி 'கருவேலம்பூக்கள்' என்ற படத்தை அவரே இயக்கியிருக்கிறார். கோவில்பட்டி, சிவகாசிப் பக்கம் வளர்ந்த எவனுக்கும் அந்தப் படம் நெஞ்சைப் பிடிக்கும். அதில் சண்டையும் கிடையாது, விசிலும் கிடையாது.

கயல்விழி மதுரை:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். எட்டயபுரத்தார் சொன்ன ஒன்றை மறுத்தே ஆக வேண்டும்.

பெயரைச் சொல்லாவிட்டால் யாரும் தப்பிக்க முடியாது என்கிறீர்கள். என் அனுபவம் நேர் எதிர். கல்லூரியில் எங்களுக்கு 'வெக்கை' நடத்தியபோது அதை ஒரு 'பழிவாங்கல் கதை' என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஏன் இந்தக் குடும்பத்துக்கு மட்டும் போலீசிடம் போக வழியில்லை, ஏன் கொன்றவனைக் கேட்க நாதியில்லை என்று வகுப்பில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெயர் இல்லாததால் எல்லாரும் சுலபமாகத் தப்பித்தார்கள். அந்த வகுப்பில் தப்பிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது நானும் இன்னும் இரண்டு பேரும்தான்.

அப்பாவோடு 'அசுரன்' பார்த்ததைச் சொல்கிறேன். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். படத்தின் முன்கதையில் வரும் பெண் செருப்புப் போட்டு நடந்ததற்காக அவமானப்படும் காட்சி வந்தது. அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில், சின்ன வயதில் ஒரு தெருவைக் கடக்கும்வரை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததை முதல்தடவையாகச் சொன்னார். எனக்கு அப்போது வயது 24. இருபத்துநாலு வருஷம் அவர் அதை என்னிடம் சொன்னதில்லை. எந்தப் புத்தகமும் அவர் வாயைத் திறக்கவில்லை, அந்தப் படம் திறந்தது. கடைசியில் படிப்பை மட்டும் யாராலும் பறிக்க முடியாது என்று சிவசாமி மகனிடம் சொல்லும்போது அப்பா என் கையைப் பிடித்தார். அதைப் பிரசாரம் என்று எழுதியவர்களை நிறையப் படித்தேன். எங்கள் வீட்டில் அது பிரசாரம் இல்லை.

எனக்கு இரண்டிலும் ஒரே குறை, அம்மா. நாவலில் அவள் பையனின் நினைவில்தான் அதிகம் வருகிறாள். படத்தில் மஞ்சு வாரியரின் பச்சையம்மாள் அரிவாளோடு கிளம்பும்போது ஆசையாக இருந்தது. அப்புறம் அவளை அவளுடைய அண்ணனோடும் மகளோடும் வேறு வழியில் அனுப்பிவிட்டார்கள். கேமரா அவள் பின்னால் போகவே இல்லை. காட்டில் பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவள் கழித்த ராத்திரிகளை யாராவது எழுதியிருக்க வேண்டும்.

பழைய புத்தகக்காரர்:
கயல்விழி, பஸ்ஸில் உங்கள் அப்பா பேசியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்சு செய்ய முடியவில்லை.

கடை அனுபவம் ஒன்று. என்னிடம் 'வெக்கை' பழைய பிரதி இரண்டு ரொம்ப வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. படம் வந்த மாதம் இரண்டும் போய்விட்டது, அதற்கு மேலும் கேட்டுக்கேட்டு வந்தார்கள். கூரியர் பையோடு வந்த ஒரு பையன் கடை வாசலிலேயே நின்று முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் காசு எடுத்தான். ஆகவே படம் நாவலைக் கொன்றுவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆனாலும் இடைவேளைச் சண்டை நீளம்தான். அதில் எட்டயபுரத்தார் பக்கம் நிற்கிறேன்.

திரைப்பித்தன்:
நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி 'வெக்கை'யில் அறுபது பக்கம் படித்தேன். இத்தனை நாள் படிக்காமலே பேசிக்கொண்டிருந்தேன், மன்னிக்கவும். அய்யா பேசப்பேச, ஏதோ நம் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கிறது. அந்தப் பேச்சு படத்தில் குறைவுதான். பஞ்சமி நிலம் பற்றிச் சொன்னதில் மட்டும் நான் பின்வாங்க மாட்டேன்.

எட்டயபுரத்தான்:
பின்வாங்க வேண்டாம் தம்பி. கயல்விழி சொன்ன பிறகு அந்த இடத்தில் நான்தான் பின்வாங்குகிறேன். பெயர் சொல்லாதது எல்லாரையும் உள்ளே இழுக்கும் என்று நினைத்தது, வெளியே நிற்க வசதி இருந்தவனின் நினைப்பு. பையனின் கதை பறிபோனது என்ற வருத்தம் மட்டும் எனக்கு அப்படியே இருக்கிறது.

கயல்விழி, அப்பாவுக்கு நாவலை வாசித்துக் காட்டினீர்களா?

கயல்விழி மதுரை:
நேற்றுத்தான் ஆரம்பித்தேன். கண் சரியாகத் தெரியாததால் நான் சத்தமாக வாசிக்க, அவர் கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெட்டு விழுந்து, பையன் ஓட ஆரம்பித்த இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார். சண்டை எப்போது வரும் என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"அந்தப் பய காலையிலயாவது ஏதாச்சும் சாப்பிட்டானா?" என்று கேட்டார்.

எட்டயபுரத்தான்:
அந்த அய்யா இருக்கும்வரை பையன் பட்டினி கிடக்க மாட்டான் என்று சொல்லுங்கள். எட்டாம் நாள்வரை வாசித்து முடித்ததும் இங்கே வந்து எழுதுங்கள்.