ஃபோர்க்லிஃப்ட் வேலையா? எந்த வண்டி என்று முதலில் கேளுங்கள்

கிடங்கு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளே, "ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் தேவை" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் விண்ணப்பம் அனுப்பிவிடுகிறீர்கள். அந்த ஒரு பெயருக்குள், சரக்கைத் தூக்கி நகர்த்தும் பல வண்டிகள் இருக்கின்றன. ஒன்றில் பழகியவருக்கு இன்னொன்று தானாக வந்துவிடாது.

பெரும்பாலானோர் தொடங்குவது கவுண்டர்பேலன்ஸ் வண்டியில். முன்னால் தூக்கும் சுமைக்கு ஈடாகப் பின்புறம் கனத்த இரும்பு எடை இருக்கும். லாரியிலிருந்து சரக்கு இறக்குவதற்கும் திறந்தவெளியில் ஓடுவதற்கும் ஏற்றது. திரும்புவது பின்சக்கரம் என்பதால் வளைவில் வண்டியின் பின்பாகம் வெளியே வீசும். காரோட்டிப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். வண்டி திரும்பவே ஏறக்குறைய மூன்றரை முதல் நான்கு மீட்டர் அகல வழி வேண்டும்.

இடம் குறுகி, அடுக்குகள் உயர்ந்த கிடங்கில் ரீச் டிரக் வரும். இதன் தூக்கிக் கம்பம் முன்னே நீண்டு பேலட்டை (சரக்கு அடுக்கும் தட்டு மேடையை) எடுத்துக்கொண்டு பின்வாங்கும். மூன்று மீட்டருக்கும் குறைவான வழியிலேயே வேலை முடியும். பத்து மீட்டருக்கு மேலும் தூக்கும் வகைகள் உண்டு. பல மாடல்களில் ஓட்டுநர் பக்கவாட்டில் உட்கார்வார், சிலவற்றில் நின்றபடியே ஓட்டுவார். உயரத்தில் பேலட்டை அங்குலம் அங்குலமாகச் சரிசெய்யும் பொறுமை உள்ளவர்கள் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். கவுண்டர்பேலன்ஸ் மட்டும் தெரிந்தவர்களைவிட உங்களுக்கு வாய்ப்புகள் விரியும்.

ஆர்டர் பிக்கரில் சரக்கோடு நீங்களும் மேலே போவீர்கள். பேலட்டை முழுதாக எடுக்காமல் பெட்டி பெட்டியாகப் பொறுக்க வேண்டிய இடங்களில் இதுதான். பாதுகாப்புப் பட்டையை மாட்டாமல் ஒரு முறைகூட ஏறாதீர்கள். உயரம் பயமென்றால் நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். தரையோடு பேலட்டை நகர்த்தும் பேலட் டிரக்கை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் புதியவர்களுக்குக் கிடங்கின் வழிகளும் சரக்கின் எடையும் பிடிபடுவது அதில்தான். மரம், குழாய் போன்ற நீளச் சரக்குக்கு சைடு லோடர், காகித உருளைகளுக்கு கிளாம்ப் (இறுகப் பிடிக்கும் கருவி) பொருத்திய வண்டி என்று தனி வகைகளும் உண்டு.

எந்த வண்டியானாலும் முதலில் படிக்க வேண்டியது அதன் மேல் உள்ள திறன் தகடு. "2,500 கிலோ, 500 மி.மீ." என்றிருந்தால், சுமையின் எடைமையம் ஃபோர்க்கின் (சுமையைத் தாங்கும் இரும்புக் கரத்தின்) செங்குத்து முகத்திலிருந்து 500 மி.மீ. தூரத்துக்குள் இருக்கும்போதுதான் அந்த எடையைத் தூக்கலாம். 1200 மி.மீ. நீள பேலட்டை அதன் நீளவாக்கில் எடுத்தால் மையம் 600 மி.மீ. தூரத்துக்குப் போய்விடும், தூக்கும் திறன் குறையும். உயரே தூக்கும்போதும் பல வண்டிகளில் திறன் குறைகிறது. தகடு இல்லாத வண்டியை ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மேற்பார்வையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கவுண்டர்பேலன்ஸ் வண்டி கவிழத் தொடங்கினால் வெளியே குதிக்கத்தான் மனம் சொல்லும். குதிப்பவர் மேல்தான் வண்டியின் மேற்கூரை விழுகிறது. பெல்ட் போட்டபடி ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, கால்களை ஊன்றி, சாயும் திசைக்கு எதிராக உடலைச் சாய்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் திறந்த, நின்று ஓட்டும் வகைகளில் முறை வேறு: பின்னால் இறங்கி விலகிவிட வேண்டும். வண்டி வகையைத் தெரிந்துகொள்ளச் சொல்வது இதற்காகவும்தான்.

உரிமம் நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவில் சாதாரண ஃபோர்க்லிஃப்டுக்கு எல்எஃப், ஆர்டர் பிக்கருக்கு எல்ஓ என்று தனித்தனி உரிமங்கள். அமெரிக்காவில் பயிற்சி தந்து மதிப்பிடும் பொறுப்பு முதலாளிக்கு. குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுமதிப்பீடு உண்டு, 18 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக் கூடாது. பிரிட்டனில் அரசு உரிமம் என்று ஒன்றில்லை; வண்டி வகைக்கேற்ற பயிற்சிச் சான்றிதழைத்தான் நிறுவனங்கள் கேட்கும். ஆகவே பயிற்சிக்குப் பணம் கட்டும் முன், நீங்கள் போக விரும்பும் கிடங்குகளில் எந்த வண்டி ஓடுகிறது என்று விசாரியுங்கள். சான்றிதழில் எந்த வகை எழுதப்படும் என்பதையும் பயிற்சி மையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.